பேஸ்டேட் ப்ளூ மை: அறிகுறியைக் கொண்டு கோளாறு நீக்கும் வழிமுறை

நூட்லர்ஸ் நிறுவனத்தின் பேஸ்டேட் ப்ளூ மையை ஒருமுறை தாளில் இழுத்துப் பார்த்தவர்கள் அந்த நீலத்தை எளிதில் மறப்பதில்லை. ஊதாச் சாயல் இலேசாகக் கலந்து, காய்ந்த பின்னும் மங்காமல் கண்ணைப் பறிக்கும் இந்த நிறத்துக்கு ஈடான நீலங்கள் மிகச் சிலவே. ‘பேஸ்டேட்’ என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு வழங்கும் செல்லப்பெயர்; இந்த மையும் அந்த மாநிலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால், ஊற்றுப் பேனாப் பிரியர்களிடையே இந்த அளவுக்குச் சர்ச்சைக்கு உள்ளான மையும் அரிது. பட்ட இடமெல்லாம் கறை பிடிக்கும், தாளில் பிசிறடிக்கும், பிற மைகளோடு சேராது, பேனாவையே உருக்கிவிடும் என்று அடுக்கடுக்கான குற்றச்சாட்டுகள் இதன்மேல் உண்டு. அவற்றுள் சில முற்றிலும் உண்மை. சில பாதி உண்மை. சிலவற்றுக்குக் காரணம் மை அன்று, கழுவிய முறை.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தைக் கண்டறியும் வழியையும் தீர்க்கும் வழியையும் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மையால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, வேறொரு மைக்குப் பழகிய பேனாவைச் சரியாகக் கழுவாமல் அதில் இதை நிரப்பியதால் வருபவை. எனவே இந்த மைக்கென்றே ஒரு பேனாவை ஒதுக்கிவிடுவது நல்லது. நிப்பும் நாக்கும் எளிதாகக் கழலக்கூடிய, மாற்று உறுப்புகள் கிடைக்கக்கூடிய, கறை பட்டால் மனம் நோகாத பேனாவாக அது இருக்கட்டும். (நிப்புக்கு அடியில் வரிவரியாக வெட்டப்பட்டு மையை முனைக்கு ஏந்திச் செல்லும் உறுப்பையே இங்கே நாக்கு என்கிறேன்.)

நிரப்புவதற்கு முன்

நூட்லர்ஸ் புட்டிகள் கழுத்துவரை ததும்ப நிரப்பப்பட்டு வருபவை. மூடியைத் திறந்தவுடன் பேனாவை உள்ளே விட்டால் மை வழிந்தே தீரும். இந்த மை வழிந்தால் மேசையில் அடையாளம் நெடுநாள் இருக்கும். ஆகவே, புட்டியைப் பழைய தட்டு ஒன்றின்மேல் வைத்துத் திறந்து, இங்க் ஃபில்லரால் தேவையான அளவை ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, அந்தக் குப்பியிலிருந்தே பேனாவை நிரப்புவது நல்லது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: முந்தைய மையின் மிச்சம் பேனாவில் ஒட்டியிருந்தால், கெடுவது குப்பியில் உள்ள சில மில்லிலிட்டர் மட்டுமே.

அறிகுறி: மை இறங்கவில்லை, அல்லது சிறிது எழுதியதும் நின்றுவிடுகிறது

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. ஏனென்றால், இதே அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

முதலில் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தாளின் மேற்பாதியில் சீராக எழுதிவந்த பேனா கீழ்ப்பாதிக்கு வந்ததும் விட்டுவிட்டு எழுதினால், பேனாவில் குறையில்லை. எழுதும்போது உள்ளங்கை படிந்த இடத்தில் தோலின் எண்ணெய்ப் பசை தாளில் ஒட்டிக்கொண்டு மையைத் தள்ளிவிடுகிறது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு எழுதினால் இது அத்துடன் தீர்ந்துவிடும். புதுத் தாளின் மேல் வரியிலேயே பேனா தடுமாறினால் அடுத்த சோதனைக்குச் செல்ல வேண்டும்.

கன்வர்ட்டரை, அதாவது மையை இழுத்து வைத்துக்கொள்ளப் பேனாவுக்குள் பொருத்தும் சிறு குழாயை, கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மை பின்பக்கம் தேங்கி நிற்க, நாக்கின் பக்கம் காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டிருந்தால், அது கன்வர்ட்டர்களுக்குப் பொதுவான குறை. விரலால் இலேசாகச் சுண்டினால் மை இறங்கிவிடும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் கன்வர்ட்டரைச் சோப்பு நீரில் கழுவி உட்சுவரின் பிசுக்கை அகற்ற வேண்டும்.

இவை இரண்டும் இல்லையென்றால், மையோடு மை சேர்ந்து திரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். பேஸ்டேட் வரிசை மைகள் காரத்தன்மை உடையவை. ஊற்றுப் பேனா மைகளில் பல நடுநிலையை ஒட்டியோ அமிலப் பக்கமோ இருப்பவை. இரும்பு உப்பும் டானினும் சேர்ந்து கருக்கும் பழைய முறை நீலக்கருப்பு மைகளோ நன்றாகவே அமிலத்தன்மை கொண்டவை. இப்படிப்பட்ட ஒன்றின் மிச்சத்தோடு இந்த மை கலக்கும்போது, கரைந்திருந்த சாயம் கரைசலை விட்டுப் பிரிந்து படிவாகவும் கூழாகவும் மாறிவிடக்கூடும். நாக்கின் வாய்க்கால்களோ மயிரிழை அகலமே உடையவை. அந்தக் கூழ் ஒரு துளி போதும், அடைத்துக்கொள்ளும். பேஸ்டேட் வரிசையில் உள்ள ப்ளூ, கேப் காட் கிரான்பெரி, கான்கார்ட் கிரேப் ஆகிய மூன்றையும் தங்களுக்குள் மட்டுமே கலக்கலாம், வேறெதனோடும் கலக்கக் கூடாது என்று சொல்லப்படுவது இந்தக் காரணத்தால்தான்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். நீலக்கருப்பு மை ஓடிக்கொண்டிருந்த பேனா ஒன்றை இரண்டு முறை நீர் இழுத்துத் துப்பவைத்துவிட்டு, கழுவியாயிற்று என்று எண்ணி இந்த நீலத்தை நிரப்பினேன். மாலையில் அழகாக எழுதிய பேனா மறுநாள் காலையில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. கன்வர்ட்டரின் வாயை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தபோது, கருநீலத்தில் ஈரநூல் போன்ற ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் அறுபடாமல் நீண்டு வந்தது. தவறு முழுக்க என்னுடையது. நாக்கைக் கழற்றாமல் கன்வர்ட்டரை மட்டும் கழுவிவிட்டுப் பேனாவையே கழுவியதாக நினைத்துக்கொண்டேன்.

அடைப்பை நீக்கும் முறை இது. கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, காது கழுவப் பயன்படும் ரப்பர் குமிழைப் பேனாவின் கழுத்துப் பகுதியில் பொருத்தி, அறை வெப்பத்தில் உள்ள நீரைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் செலுத்துங்கள். வெந்நீர் வேண்டா, பிளாஸ்டிக் நாக்கு வளையும், எபோனைட் (கெட்டி ரப்பர்) நாக்கு நிறம் மங்கும். நீர் தெளிவாக வரத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். நிப்பின் முனையை மடித்த வெள்ளை டிஷ்யூ தாளில் அரை நிமிடம் ஊன்றி வையுங்கள். கண்ணுக்குத் தெளிந்த நீராகத் தெரிந்தது தாளில் இளநீல வட்டமாக விரியும். அந்த வட்டத்தின் விளிம்பில் மட்டும் நீலம் கோடு கட்டி நிற்கும். வட்டம் வெறும் ஈரமாக மட்டும் விரியும்வரை நீர் செலுத்துவதையும் தாளில் ஊன்றுவதையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இதற்கும் இளகாவிட்டால், ஒரு குவளை நீரில் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு ஒரு துளி விட்டு, கழுத்துப் பகுதியை ஓரிரவு ஊறவைத்து, நிப்பையும் நாக்கையும் கழற்றி, மென்மயிர்ப் பல்துலக்கியால் வரிகளுக்கு இடையே தேய்த்துக் கழுவலாம். கழற்ற முடியாத அமைப்புடைய பேனா என்றால் வலிந்து இழுக்கக் கூடாது. ஊறவைப்பதையே இரண்டு மூன்று நாள் தொடர வேண்டும்.

இனி இப்படி நேராமல் இருக்க ஒரு குப்பிச் சோதனை போதும். பேனாவில் முன்பு இருந்த மையில் பத்துத் துளியும் இந்த மையில் பத்துத் துளியும் கண்ணாடிக் குப்பியில் கலந்து ஒரு நாள் முழுதும் வைத்துவிட்டு, குப்பியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அடியில் மணல் போலப் படிந்திருந்தாலோ, சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தாலோ, அந்த இரண்டு மைகளும் ஒரே பேனாவில் அடுத்தடுத்து வரலாகாது.

அறிகுறி: எழுத்து பிசிறடிக்கிறது, மறுபக்கம் தெரிகிறது

இந்த மையைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் கறையைவிட இதற்காகவே கைவிடுகிறார்கள். அது முறையான மனக்குறையும்கூட; ஏனென்றால் இது ஓரளவுக்கு மையின் இயல்பே. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கையில் இருந்தால், பிசிறடித்த எழுத்து ஒன்றைப் பாருங்கள். கோட்டின் ஓரத்திலிருந்து நீலம் தாளின் நார்களைப் பற்றிக்கொண்டு வேர் விட்டாற்போல ஓடியிருக்கும். மை பரவவேண்டும் என்று பரவவில்லை. நார் இழுத்த வழியில் போயிருக்கிறது. தாள் செய்யும்போது நார்களின்மேல் ஏற்றும் பசைப் பூச்சு போதிய அளவில் இருந்தால் மை மேற்பரப்பிலேயே நின்று காயும். பூச்சு குறைந்த தாளில் நாரோடு சேர்ந்து ஓடும். தாராளமாக இறங்கும் எந்த மையிலும் இது நேரும். இந்த நீலத்தில் நிறச்செறிவு மிகுதியாக இருப்பதால் ஒவ்வொரு வேரும் கண்ணில் படுகிறது.

எனவே முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது தாளை. சதுர மீட்டருக்கு 75 அல்லது 80 கிராம் எடையுள்ள சாதாரண நகலெடுக்கும் தாளில் இந்த மை பிசிறடித்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரலாகாது. கிளேர்ஃபோன்டேன் 90 கிராம் தாளிலோ, 52 கிராமே உள்ள டோமோ ரிவர் தாளிலோ அதே பேனாவால் அதே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எடை குறைந்த டோமோ ரிவர் தாள், தடித்த நகல் தாளைவிடத் தூய்மையான கோட்டைத் தரும். தாளின் தடிமனைவிட அதன் பூச்சுதான் முதன்மையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மெல்லிய தாளில் எழுத்தின் நிழல் மறுபக்கம் தெரியத்தான் செய்யும். நிழல் தெரிவது வேறு, மை ஊடுருவிப் புள்ளிபுள்ளியாக மறுபக்கம் வெளிவருவது வேறு. முன்னது தாள் மெல்லியது என்பதற்கு அடையாளம், பின்னது அந்தத் தாள் இந்த மையைத் தாங்கவில்லை என்பதற்கு அடையாளம்.

நல்ல தாளிலும் பிசிறு தொடர்ந்தால் அடுத்ததாக நிப்பைப் பாருங்கள். அகலமான, ஈரமாக எழுதும் நிப்பில் இந்த மையை நிரப்புவது பிசிறைக் கேட்டு வாங்குவதாகும். மெல்லிய நிப்பு, அதிலும் மையைக் கட்டுப்படுத்தி இறக்கும் பேனா, இதற்குப் பொருத்தம். அகலத்தைக் காட்டும் F, M போன்ற எழுத்துக் குறியீடு ஒன்றாகவே இருந்தாலும் ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பேனாவை அழுத்தாமல் எழுதுவதும் உதவும். அழுத்தினால் நிப்பின் பிளவு விரிந்து தேவைக்கு மேல் மை இறங்கும்.

ஒரே தாளில் சில இடங்களில் மட்டும் பிசிறடித்தால், அங்கே கை வியர்வை பட்டிருக்கலாம், அல்லது தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். மழைநாளில் திறந்து கிடந்த குறிப்பேட்டில் நன்றாக எழுதிவந்த மைகூட ஊறும். குறிப்பேட்டை மூடிய பெட்டியில் வைத்துப் பழகினால் இது குறையும்.

அறிகுறி: கன்வர்ட்டரும் பேனாவின் உட்புறமும் நீலமாகிவிட்டன

ஒளி ஊடுருவும் பேனாக்களில் இந்த மையை நிரப்பியவர்களின் வருத்தம் இது. சாயம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் ஒட்டுவதோடு நில்லாமல் நாளாக ஆக உள்ளும் ஊறுகிறது. ஒரு வாரத்துக் கறை எளிதில் போகும். ஓராண்டுக் கறை முழுமையாகப் போகும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

படிப்படியாகச் செல்ல வேண்டும். முதலில் நீர். அடுத்து சோப்பு நீரில் நனைத்த பஞ்சுக்குச்சி. இந்த இரண்டும் பயன்படாதபோதே வெளுப்பானைத் தொட வேண்டும். இந்த மையின் ஒரு வியப்பான குணம் இது: வெறும் நீருக்கு எளிதில் அசையாத சாயம் ப்ளீச் பட்டதும் கண்ணெதிரே மறைகிறது. வீட்டு உபயோக ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் அந்தச் சாய மூலக்கூற்றைச் சிதைத்துவிடுவதுதான் காரணம்.

ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு ப்ளீச் போதும். அதை அவ்வப்போது புதிதாகக் கலந்துகொள்ள வேண்டும். வைத்திருந்தால் வீரியம் இழக்கும். நிப்பையும் உலோக வளையம் உள்ள உறுப்புகளையும் முன்னதாகவே கழற்றி அப்பால் வையுங்கள். எஃகு நிப்பில் ப்ளீச் தங்கினால் ஊசிமுனைப் பள்ளங்களாக அரிக்கும். தங்க முலாம் நிறம் மாறும். கன்வர்ட்டருக்குள் கலவையை இழுத்து, ஓரிரு நிமிடம் விட்டு, வெளியேற்றி, நிறம் போயிற்றா என்று பாருங்கள். போகவில்லையென்றால் மறுபடியும் ஓரிரு நிமிடம் வைக்கலாம். இரவு முழுவதும் ஊறவிடுவது பிஸ்டனின் ரப்பர் வளையத்துக்கும் கேடு. செல்லுலாய்டு, கேசின், எபோனைட் ஆகியவற்றால் ஆன பழைய பேனாக்களிலும், ரப்பர்ப் பை உள்ளவற்றிலும் ப்ளீச்சைப் பயன்படுத்தவே கூடாது. அந்தப் பேனாக்களில் இந்த மையையும் நிரப்பாதிருப்பது உத்தமம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேனா கழுவுவதற்கு அமோனியா கலந்த நீரைப் பயன்படுத்தும் வழக்கம் பலரிடம் உண்டு. தனியாகப் பயன்படுத்தினால் அது நல்ல முறையே. ஆனால் அமோனியாவும் ப்ளீச்சும் ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு கிளம்பும். வினிகர் போன்ற அமிலம் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒன்றைப் பயன்படுத்திய பேனாவை நீரால் பலமுறை கழுவி உலரவிட்ட பிறகே மற்றொன்றை நாட வேண்டும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ப்ளீச்சுக்குப் பிறகு நன்னீரில் கழுவுவதைக் குறைத்துவிட்டால் வேறொரு கோளாறு தோன்றும்: புதிதாக நிரப்பிய மை இரண்டு நாளில் வெளிறிவிடும். உள்ளே தங்கிய ப்ளீச் துளி தன் வேலையைத் தொடர்வதே அதன் காரணம். பேனாவைக் காலி செய்து, நீரை நிரப்பி ஓரிரவு வைத்து, மறுநாள் மாற்றி, முகர்ந்தால் ப்ளீச் வாடை அறவே இல்லை என்று ஆன பிறகு மை நிரப்புங்கள்.

அறிகுறி: விரல், துணி, கழுவும் தொட்டி

விரலில் பட்டதைச் சோப்பாலும் நகத்தூரிகையாலும் தேய்த்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள். தோல் தானாக உரிந்து புதுப்படும்போது ஓரிரு நாளில் போய்விடும். விரல் கறைக்கு ப்ளீச் பூசுவது தோலைப் புண்ணாக்கும். பீங்கான் தொட்டியில் பட்டால் உடனே நீர் விட்டு, பிறகு மேற்சொன்ன ப்ளீச் கலவையைத் தடவி ஐந்து நிமிடத்தில் கழுவினால் தூய்மையாகும். வெள்ளைப் பருத்தித் துணிக்கும் இதுவே வழி. நிறத்துணியில் பட்டால் ப்ளீச் துணியின் நிறத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். காயும் முன்பே, தேய்க்காமல், பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரைப் பாய்ச்சி ஒற்றி எடுப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

அறிகுறி: நிப்பின் மேல் மை ஏறி நிற்கிறது, ஓரத்தில் பொருக்குக் கட்டுகிறது

நிப்பின் பிளவிலிருந்து மை மேற்புறத்தில் படர்வது பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் கோளாறு இல்லை. நிறச்செறிவு மிகுந்த மைகளில் இது இயல்பு. துடைத்துவிட்டால் மறுபடியும் வரும், விட்டுவிடலாம். பிளவின் ஓரத்தில் பசையாகவோ பொருக்காகவோ சாயம் காய்ந்து நின்றால்தான் கவனிக்க வேண்டும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மூடி காற்றுப் புகாமல் இறுகுகிறதா என்று பாருங்கள். மூடி சரியாக இருந்தும் பொருக்கு தொடர்ந்தால், குப்பிக்கு மாற்றிய மையில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துப் பார்க்கலாம். குழாய் நீரில் உள்ள உப்புகள் இதற்கு ஒவ்வாதவை. நீர் கலந்த மையைப் புட்டியில் திருப்பி ஊற்றவும் கூடாது, நெடுநாள் வைத்திருக்கவும் கூடாது.

அறிகுறி: பேனா மை கக்குகிறது

எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு சொட்டு விழுந்தால், பேனாவில் எவ்வளவு மை இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கால்வாசியே இருக்கும். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை முன்னே தள்ளுகிறது. பேனாவின் உடலையே மைத்தொட்டியாகக் கொண்டு நேரடியாக ஊற்றி எழுதும் பேனாக்களில் இது மிகுதி. அவற்றில் பாதிக்குக் கீழே மை இறங்குமுன் மறுபடி நிரப்புவதும், திருகு வரிகளில் சிலிக்கோன் கிரீஸ் தடவுவதும் போதும். ஆனால் இந்த மை ஒரு சொட்டு சிந்தினாலும் தாளோடு சட்டையும் கெடும் என்பதால், நேரடியாக ஊற்றும் பேனாவில் இதை நிரப்பவே வேண்டா என்பது என் கருத்து. கன்வர்ட்டரில் காற்றின் இடம் சிறியது, கக்கலும் அரிது. நிரப்பியவுடன் கக்கினால் காரணம் வேறு: நாக்கின் வரிகள் முழுக்க நனைந்திருக்கும். நிப்பை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றினால் சீராகிவிடும்.

அறிகுறி: பிளாஸ்டிக் உருகியதுபோல் இருக்கிறது

இந்த மையைப் பற்றிய சர்ச்சையில் காரசாரமான பகுதி இதுதான். சில பேனாக்களின் நாக்கு இந்த மையால் சிதைந்துவிட்டது என்று கூறுபவர்கள் ஒருபுறம். ஆண்டுக்கணக்காக ஒரே பேனாவில் நிரப்பியும் ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் மறுபுறம். மையும் பேனாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கவலை புதிதன்று. 1941-இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 பேனாவுக்கென அந்நிறுவனம் செய்த விரைவில் காயும் மை காரத்தன்மை மிகுந்தது; அதை வேறு பேனாக்களில் நிரப்ப வேண்டா என்ற எச்சரிக்கையோடுதான் விற்றார்கள். 51-இன் உடலும் அத்தகைய மையைத் தாங்கக்கூடிய அக்ரிலிக்கால் செய்யப்பட்டிருந்தது.

ஆகவே குற்றம் சாட்டுமுன் பொறுமையாகச் சோதிக்க வேண்டும். நாக்கைக் கழற்ற வரவில்லை என்றால், அது உருகி ஒட்டிக்கொண்டதாக இருக்க வேண்டியதில்லை. காய்ந்த மையே பசையாக இறுகியிருக்கலாம். இரண்டு நாள் நீரில் ஊறினால் இளகிவிடும். நகத்தால் மெல்ல வருடும்போது மேற்பரப்பு வழவழப்பாகவே இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. மேற்பரப்பு பால்போல் மங்கியோ மயிரிழை வெடிப்புகளோடோ இருந்தால், எதைக் கொண்டு கழுவினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆல்கஹாலும் அசிட்டோனும் பேனாக்களில் பயன்படும் பல பிளாஸ்டிக்குகளைக் கெடுப்பவை, வெந்நீர் வளைப்பது. கறையைப் போக்க நகப்பூச்சு அகற்றும் திரவத்தைத் தொட்ட பேனாவுக்கு மை பொறுப்பாகாது. நாக்கின் மெல்லிய வரிகள் ஒன்றோடொன்று சாய்ந்தோ, நிப்போடு படியாமல் இடைவெளி விட்டோ இருப்பதை, வேறெந்த திரவமும் படாத பேனாவில் கண்டால் மட்டுமே அந்தப் பிளாஸ்டிக்குக்கும் இந்த மைக்கும் ஒத்துவரவில்லை என்ற முடிவுக்கு வரலாம். அப்போது நாக்கை மாற்றிவிட்டு, அந்தப் பேனாவை வேறு மைக்குக் கொடுத்துவிட வேண்டும். மாற்று உறுப்பு கிடைக்காத பேனாவில் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

அறிகுறி: நிறம் மாறுகிறது

பல வாரம் எழுதாமல் கிடந்த பேனாவில் நீலம் கருத்துத் தடித்து வந்தால், நீர் ஆவியாகிச் செறிவு கூடியிருக்கிறது; மையை வெளியேற்றிக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நிரப்பிய அன்றே வெளிறி வந்தால் நாக்கில் கழுவிய நீர் தங்கியிருக்கிறது. ஒரு பக்கம் எழுதினால் சரியாகும். அடுத்ததாக நிரப்பிய மஞ்சளோ சிவப்போ கலங்கி வந்தால் கழுவியது போதவில்லை. டிஷ்யூ சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

எழுதிய தாளில் நிறம் நிற்குமா என்பது வேறு வினா. நீர் சிந்தினால் சாயம் ஓரளவு கலைந்து பரவினாலும் எழுத்தின் கோடு பெரும்பாலும் படிக்கும்படி நிற்கும். ஆனால் ப்ளீச் இதை அடையாளமின்றித் துடைத்துவிடும் என்பதால், கையொப்பத்துக்கும் பத்திரங்களுக்கும் இந்த மை ஏற்றதன்று. வெயிலில் எவ்வளவு தாங்கும் என்பதை உங்கள் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்: ஒரு பட்டை வரைந்து, பாதியைக் கனத்த அட்டையால் மறைத்து, சன்னல் கண்ணாடியில் ஒரு மாதம் ஒட்டிவைத்துவிட்டு அட்டையை எடுத்தால் இரண்டு பாதிகளுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

அறிகுறி: புட்டியில் வாடை, மேலே மிதக்கும் இழை

மூடியைத் திறந்ததும் புழுக்க வாடை வந்தாலோ, மேற்பரப்பில் பஞ்சிழை போன்ற ஒன்று மிதந்தாலோ அது பூசணம். வடிகட்டிப் பயன்படுத்த நினைக்க வேண்டா. கண்ணுக்குத் தெரியாத வித்துகள் வடிகட்டியைக் கடந்து பேனாவுக்குள் சென்றுவிடும். அடியில் மட்டும் கரடுமுரடான படிவு இருந்து வாடை ஏதும் இல்லையென்றால், வேறு மை கலந்திருக்கிறது. அதுவும் இனி உதவாது. இரண்டு நிலையிலும் புட்டியோடு மையை அப்புறப்படுத்திவிட்டு, அதிலிருந்து நிரப்பிய பேனாவையும் இங்க் ஃபில்லரையும் குப்பியையும் அன்றே கழுவி, நிப்பைக் கீழ்நோக்கி டிஷ்யூவில் நிறுத்தி இரண்டு நாள் உலரவிட்ட பிறகே புதிய புட்டியைத் திறக்க வேண்டும்.